பள்ளத்துக்கு இரண்டு குழாய் போதும் என்ற வருஷம்

என்னோடு சேர்ந்து பள்ளத்தில் ஆடு விரட்டியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப் பேர் இன்னும் ஊரிலேயே இருக்கிறோம். மீதிப் பேர் முதலிபாளையம், சாமளாபுரம் என்று பிள்ளைகள் இருக்கும் பக்கம் போய்விட்டீர்கள். அம்மன் நோம்பிக்கு ஊருக்கு வரும்போது முட்டிவலி, சர்க்கரை, மருமகள் என்று எல்லாம் பேசுகிறோம். அந்த வெள்ளத்தைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை. இப்போது பேச வேண்டிய வேளை வந்துவிட்டது.

கோயிலுக்குக் கிழக்கே, அப்பாவின் பனியன் கம்பெனி இருந்த காலி இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே என் மகனும் அவன் கூட்டாளியும் ஹாஸ்டல் கட்டப்போகிறார்கள். வடக்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் தங்குவதற்கு. மூன்று மாடி. கீழ்த்தளத்தில் மட்டும் நாற்பது பேர் படுக்கலாமாம்.

போன மாதம் மகன் வந்து சொன்னான்: "அம்மா, வர்ற வெள்ளிக்கிழமை அம்மன்கிட்டப் பூக் கேக்கறமுங்க. பாப்பாவ உட்டு எடுக்கச் சொல்லலாமுங்க."

பாப்பா என் பேத்தி. எட்டு வயது.

"பாப்பா எடுக்க மாட்டா" என்றேன்.

"ஏனுங்கம்மா? அவளுக்குக் காய்ச்சலா?"

"காய்ச்சல் ஒண்ணும் இல்ல. எடுக்க மாட்டா."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நாள் தவறாமல் கோயில் வாசல் மிதிக்கிற அம்மா பூக் கேட்க வேண்டாம் என்கிறாளே என்று அவனுக்குத் திகைப்பு. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை உடனே எப்படிச் சொல்வது?

அப்போது நமக்கெல்லாம் எட்டு, ஒன்பது வயது. பள்ளம் என்றால் இன்றைக்கு இருக்கும் சாக்கடை இல்லை. கோயில் பக்கத்துக் கரையிலிருந்து எதிர்க்கரைக்கு உரக்கக் கூப்பிட்டால்தான் கேட்கும், அவ்வளவு அகலம். மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் வெறும் மணலும் கோரைப்புல்லும்தான். அந்த மணலில்தான் அப்பா துணி காயப்போடுவார். சலவைப் பட்டறையில் வெளுத்து வரும் பனியன் துணி, குழாய் போல உருளையாக நெய்தது. ஒவ்வொன்றையும் விரித்தால் தெரு நீளம் இருக்கும். ஓரத்தில் கல் வைத்து வரிசை வரிசையாகப் போட்டால் பள்ளம் முழுக்கக் கண் கூசும். ஆடு மிதிக்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. யாரும் சொல்லி வைத்த வேலை இல்லை, நமக்கு அது விளையாட்டு. காய்ந்த துணிக்குள் தலையை விட்டுப் படுத்தால் சுண்ணாம்பு வாசமும் வெயில் வாசமும் கலந்து வரும். அந்த வாசம் இன்றைக்கு எந்தத் துணியிலும் இல்லை.

அந்த வருஷம் அப்பாவுக்கு ஆர்டர் கூடியது. ஷெட் போதவில்லை. பள்ளத்துப் பக்கமாகத் தள்ளிக் கட்டினால் இன்னும் ஆறு தையல் மெஷின் போடலாம் என்று நினைத்தார். அதற்குப் பள்ளத்தில் பாதியை மண்ணும் சாம்பலும் கொட்டி நிரப்ப வேண்டும். அம்மாவுக்கு மனசில்லை. "தண்ணி போற எடமுங்க அது" என்றாள். "அம்மன்கிட்டக் கேட்டுருவோம். அம்மன் சொன்னாத்தான் கட்டறது" என்றார் அப்பா. சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை என்பதை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள்.

பூக் கேட்பது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். நம் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம்.

வீட்டில் ஒரே பெண் என்பதால் என்னை நிறுத்தினார்கள். தலைக்கு ஊற்றி, ஈர முடியோடு நின்றேன். கையை நீட்டி எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

அப்பா சிரித்தார். "புள்ள அவசரத்துல எடுத்துருச்சு சாமி. மூணு தடவ கேக்கறது வழக்கந்தானுங்களே" என்று பூசாரியிடம் சொன்னார்.

பூசாரி மறுபடியும் மடித்து வைத்தார். எடுத்தேன். மறுபடியும் சிவப்பு.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மூன்றாவது தடவை மடிக்கும்போது வாழை இலை லேசாகக் கிழிந்து, ஒரு பொட்டலத்தின் ஓரத்தில் வெள்ளை இதழ் எட்டிப் பார்த்தது. பூசாரி பார்க்கவில்லை. அப்பா பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பார்த்தேன்.

அதை எடுத்தேன்.

"கண்ணு, நீதான் நம்ம ஊட்டு லட்சுமி!" என்று அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். கோயிலில் இருந்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கல்கண்டு கிடைத்தது. பள்ளத்துக்கு இறங்கி வந்து உங்களுக்கும் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? உங்களிடம்கூடச் சொல்லவில்லை.

ஆவணியில் வேலை ஆரம்பித்தது. மாட்டுவண்டி மாட்டுவண்டியாக மண் வந்தது. பள்ளத்தில் பாதியை நிரப்பி ஷெட் எழும்பியது. மீதிப் பாதியிலும் சரக்கு வண்டி வந்துபோக மண் கொட்டி வழி போட்டார்கள். தண்ணீர் போவதற்கு அந்த வழிக்கு அடியில் இரண்டு சிமெண்ட் குழாய் பதித்தார்கள். அதற்குள் நாம் குனிந்து ஓடி, கத்தி, எதிரொலி கேட்டு விளையாடினோம்.

குழாய் பதித்த அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் கம்பெனியில் பனியன் மடிக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். எதிர்க்கரையில் தாழ்வாக, வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடு ஒன்றில் குடியிருந்தாள். மண்சுவர் வீடு. அவள் மடித்தால் பனியன் பெட்டியில் வைத்த வெற்றிலைபோல இருக்கும். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நம்மோடுதான் ஆடு விரட்டுவார்கள். அவள் வேலை முடிந்து போகும்போது குழாயைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க மொதலாளி, ரெண்டு கொழா போதுங்களா? போன வருசமே எங்கூட்டு வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துச்சுங்களே."

"அட, வருசத்துக்கு ஒருக்கா முழங்காத் தண்ணி வருது. அதுக்குப் போயிப் பாலமா கட்டச் சொல்றே?" என்றார் அப்பா.

"அக்காவுக்குப் பாலத்து மேல நின்னு போட்டோப் புடிக்கோணுமாமுங்க!" என்றார் கட்டிங் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

"அம்மனே உத்தரவு குடுத்துருச்சு அம்மிணி. அப்பறம் என்ன?" என்றார் அப்பா.

"அம்மன் குடுத்துருச்சுங்களா? அப்பச் செரீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள். அம்மன் பெயரைச் சொன்ன பிறகு அதற்கு மேல் யார் பேசுவார்கள்? நான் அங்கேதான் நின்றேன். குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம். மதியச் சோறு உண்ட நேரம். நம் தலைக்கு மேலே நல்ல வெயில். மேற்கே மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது. பல்லடத்துப் பக்கம் காலையிலிருந்தே மழை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னதைப் பெரியவர்கள் காதில் வாங்கவில்லை. தீபாவளிச் சரக்குப் போக வேண்டும். வெயில் இருக்கும்போதே காயவைக்க, இருந்த துணி முழுவதையும் குழாய்க்கு மேற்கே மிச்சமிருந்த பள்ளத்து மணலில் விரித்திருந்தார்கள்.

அன்றைக்கு ஆட்டை நாம் விரட்டவில்லை. அதுகளாகவே மேட்டுக்கு ஏறின. நாமும் பின்னாலேயே ஏறினோம். அக்காவின் பிள்ளைகளும் நம்மோடு ஏறினார்கள். ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது, மேற்கு வளைவில் நுரை தெரிந்தது. தென்னை மட்டை, கள்ளிச்செடி, ஒரு பூசணிக்காய், அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர்.

"துணிய எடுங்க, துணிய எடுங்க!" என்று அப்பா கத்திக்கொண்டே மணலில் இறங்கி ஓடினார். பத்துப் பேர் பின்னால் ஓடினார்கள். ஓரிரண்டு துணிதான் சுருட்ட முடிந்தது. மற்றதெல்லாம் தண்ணீர் வந்ததும் வாயைத் திறந்து குடித்தது. உருளைத் துணி இல்லையா, உள்ளே தண்ணீர் நிறைந்து மலைப்பாம்பு மாதிரி வீங்கி நெளிந்தது. நாலு ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசையவில்லை. அம்மா கரையிலிருந்து, "துணி போனாப் போகுது, மேல வாங்க சாமி!" என்று அலறினாள். அப்பா இடுப்பளவு தண்ணீரில் கடைசித் துணியை விட்டுவிட்டு ஏறினார்.

துணி எங்கே போகும்? தண்ணீர் போகிற வழியில்தான் போகும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழாய் வாயிலும் போய் அடைத்துக்கொண்டது. பாட்டிலுக்குத் தக்கை வைத்த மாதிரி. வந்த தண்ணீருக்குப் போக வழி இல்லை. நின்றது. ஏறியது. பிறகு எது தாழ்வோ அந்தப் பக்கம் திரும்பியது.

லைன் வீடுகள் விழுந்தபோது சத்தமே கேட்கவில்லை. மண்சுவர் தண்ணீரில் ஊறி, களைத்துப்போன ஆள் மாதிரி அப்படியே உட்கார்ந்தது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. பகல் என்பதால் பெரியவர்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள், பிள்ளைகள் எல்லாம் மேட்டில் நம்மோடு இருந்தார்கள். அதனால் உயிர் எதுவும் போகவில்லை. அம்மன் கருணை அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அக்காவின் தகரப்பெட்டி மிதந்து போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். அதில் அவள் தாய்வீட்டுச் சேலை இரண்டும், பிள்ளைகளின் தீபாவளித் துணியும் இருந்தன. அடைகாத்த கோழி, கூடையோடு போயிற்று.

கோயில் முன்மண்டபத்துத் தூணில் விளக்கு ஏந்திய பாவை இருக்கிறதல்லவா, தண்ணீர் அதன் காலைத் தொட்டு நின்றது. கீழே எங்கள் ஷெட்டின் கூரை மட்டும்தான் தெரிந்தது, உள்ளே இருந்தவர்கள் முன்பே மேடேறிவிட்டார்கள். "பாவை காலை நனைச்சுக்கிட்டு நிக்குது பாரு" என்று அம்மா என்னிடம் காட்டினாள். அந்த உயரம் என் கண்ணில் அப்படியே நிற்கிறது.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்தது. பெரியவர்கள் கூடினார்கள். அந்த வருஷம் இரண்டு பங்காளிகளுக்குள் தகராறு வந்து நோம்பி சாட்டவில்லை, திருவிழாவே நடக்கவில்லை. அதனால் அம்மன் கோபம் என்று முடிவு செய்தார்கள். வெயிலில் வெள்ளம் வந்தால் வேறென்ன என்றார்கள். குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா தன் செலவில் பொங்கல் வைத்துக் கிடாய் வெட்டினார். லைன் வீட்டுக்காரர்களுக்கு அரிசியும் துணியும் கொடுத்தார். அழுதுகொண்டே கொடுத்தார். அது நடிப்பு இல்லை. ஆனால் குழாயைத் தோண்டி எடுக்கவில்லை.

அக்கா மட்டும் அரிசியை வாங்கிக்கொண்டு, எப்போதும்போல மரியாதையாகச் சொன்னாள்: "அம்மன் ஏனுங்க கோவிச்சுக்குது? தண்ணி அதுபாட்டுக்கு அது வழியில வந்துச்சுங்க. நீங்கதானுங்க குறுக்க நின்னீங்க."

"வாய மூடு அம்மிணி" என்று யாரோ அதட்டினார்கள். மறுநாள் அவள் பிள்ளைகளோடு குண்டடம் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு அவளை நாம் பார்க்கவே இல்லை.

செம்மண் கறை ஏறிய அந்தத் துணி எதுவும் விலை போகவில்லை. ஊர் முழுக்கக் கரித்துணியாகக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டு அடுப்படியிலும் பத்து வருஷம் அதுதான் கிடந்தது. எங்கே பார்த்தாலும் அந்தக் கறை. நான் பொய்யாகப் பூ எடுத்ததற்கு அம்மன் கொடுத்த தண்டனை என்று மனதுக்குள் புழுங்கினேன். காய்ச்சல் வந்தால் அதனால்தான், பரீட்சையில் தோற்றால் அதனால்தான் என்று எண்ணினேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அப்பாவும் போய்ச் சேர்ந்து, ஷெட்டும் இடிந்து தரைமட்டமான பிறகுதான் அக்கா சொன்னது எனக்குப் புரிந்தது. அம்மன் முதல் தடவையே சொல்லிவிட்டாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். அப்பாவும் நானும்தான் கேட்கவில்லை.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒம்பது வயசுப் புள்ள எடுத்த பூவுக்கா இத்தன வருசம் வெசனப்பட்டீங்க? அது பழைய கதைங்கம்மா. இப்பப் பள்ளமே இல்லீங்களே, சாக்கடைதான் ஓடுது. அம்மன் வெள்ளப் பூக் குடுத்தா உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?"

"தெரியாததத்தான் சாமிகிட்டக் கேக்கோணும். எனக்குத் தெரிஞ்சத எதுக்குக் கேக்கறது? நாளைக்கு ஒண்ணுன்னா, அம்மன் சொன்னா, பாப்பா எடுத்தான்னு சொல்லுவீங்க. அந்தப் பழிய அம்மன் தலையிலயும் வெக்காதே, என் பேத்தி தலையிலயும் வெக்காதே."

அந்த வெள்ளிக்கிழமை நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். எதுவும் கேட்கவில்லை. நடந்ததை அப்படியே அம்மனிடம் சொன்னேன். விபூதியை இட்டுக்கொண்டு வெளியே வந்து, வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"உங்க டியூப் லெவலக் கொண்டுட்டு வாங்க."

"இஞ்சினியர் மிசினே வெச்சுப் பாத்துட்டாருங்கம்மா. ரோட்டுக்கு லெவல் சரியா இருக்குதுங்க."

"அவரு ரோட்ட வெச்சுப் பாத்தாரு. நீங்க பாவை கால வெச்சுப் பாருங்க."

மேஸ்திரிகள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்களே, அந்தக் கண்ணாடி போன்ற டியூப். ஒரு முனையைத் தூணில் பாவையின் காலடியில், சேதி கேட்டு வந்த மகன் பிடித்தான். மறுமுனையில் தண்ணீர் நிற்கும் உயரத்தை அடுத்த சுவரில் மேஸ்திரி சாக்பீஸால் கோடு போட்டார். அங்கிருந்து மறுபடி. இப்படி ஐந்து தடவை மாற்றி மாற்றி ஹாஸ்டல் இடத்துக்கு வந்தோம். அங்கே மேஸ்திரி ஒரு மூங்கிலை நட்டு, டியூபை அதை ஒட்டித் தூக்கினார். மார்பு வரை தூக்கினார். தண்ணீர் இன்னும் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. தலைக்கு மேல் தூக்கினார். கால் விரலில் எம்பி நின்றார்.

"ஏணி வேணுங்கம்மா" என்றார்.

ஏணி வந்தது. கோடு போட்டார். மகன் அண்ணாந்து பார்த்தான். "தரைய மூணடி தூக்கறமுங்களே மேஸ்திரி" என்றான், குரல் இறங்கிப்போய்.

மேஸ்திரி டேப்பைப் பிடித்து மூன்றடியைக் கழித்தார். பிறகு தானாகவே சொன்னார்: "ரெண்டடுக்குக் கட்டில் போடறீங்கல்லங்க? மேல் கட்டிலும் நனையுமுங்க. இப்ப ரோட்டுக்கு அடியில இருக்கறது ஒரே கொழாதானுங்க."

வெள்ளம் வந்த அன்றைக்கு நாம் மேட்டில் விளையாடிக்கொண்டிருந்தோம். இந்த ஹாஸ்டல் பிள்ளைகள் ஷிப்ட் முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகன் சொன்னான்: "நான் வெலகிக்கறனுங்கம்மா. ஆனா கூட்டாளி உடமாட்டாருங்க. அவரு கட்டியே தீருவாரு."

"அப்ப வெலகாதே. பாதி எடம் உன்னுதுதானே? அதுல நின்னு தடு."

"என் எடத்துல கட்டக் கூடாதுன்னு நானே மனுக் குடுக்கறதுங்களா? ஊரே சிரிக்குமுங்க."

"சிரிக்கட்டும். முன்னயும் சிரிச்சாங்க."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தான். "சொல்லுங்க, எழுதறேன்" என்றான்.

கட்ட அனுமதி கேட்டபோது கூட்டாளி தரப்பில் அங்கே வெள்ளமே வந்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஆபீஸ் காகிதத்திலும் அந்த வெள்ளம் இல்லையாம். காகிதத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. தண்ணீர் உங்கள் வீட்டில் எந்தப் படி வரை வந்தது, எந்தச் சுவரை நனைத்தது என்று உங்களுக்குத் தெரியும். மேஸ்திரி டியூபோடு வந்து அளந்து கோடு போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் சிலருக்கும் பள்ளத்தை ஒட்டி இடம் இருக்கிறது. இந்த மனுவால் அங்கேயும் கட்டத் தடை வரலாம். என் மேல் கோபம் வரும். வரட்டும். நான் இனிமேல் வாயை மூடிக்கொண்டு நிற்கப்போவதில்லை.

திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போகிறோம். காலை ஒன்பது மணிக்குக் கோயில் முன்னால் வண்டி நிற்கும். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்தது, இடத்துக்குப் பாதிச் சொந்தக்காரனான என் மகனுடையது. அதற்குக் கீழே தாளைக் காலியாக விட்டிருக்கிறோம். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வாசலுக்கே வந்து நான் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன்.